சிராஜ் மாமு விட்டுப்போன சில்லறை

கமர் ஆபாவுக்கு அவருடைய மாமு நாணயங்களை எழுதிவைத்ததற்கு ஒரே காரணம், ஆபா வீட்டுக் கூரை ஒழுகாது என்பதுதான். பாசம் என்றோ படிப்பு என்றோ அவர் ஒன்றும் சொல்லவில்லை. டிரங்குப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த காகிதத்தில் சிராஜ் மாமுவின் கையெழுத்து இப்படி இருந்தது: “என் காலத்துக்குப் பிறகு இவை கமருக்கு. நம் குடும்பத்தில் ஒழுகாத கூரை அவளுடையது மட்டுமே.”

அந்தக் கூரைக்கு நான் சாட்சி சொல்வேன். சார்மினாருக்குப் பக்கத்தில், மொகல்புராவில் அந்த வீட்டு மாடியில் இருபத்தாறு வருஷமாகக் குடியிருக்கிறேன். ஆபா தலைமை ஆசிரியையாக இருந்த பெண்கள் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். அங்கே எல்லோருக்கும் அவர் ஆபா, அதாவது அக்கா. என் பெயர் அவர் வாயில் வந்ததே இல்லை. “ஏ கணக்கு, கீழே வா” என்று முற்றத்தில் நின்று கூப்பிடுவார். ஆபாவுக்கு அப்போது அறுபத்தொரு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், “பொண்ணு பார்க்க வந்தவனுக்கெல்லாம் டிக்டேஷன் குடுத்துப் பார்த்தேன். ஒருத்தனும் பாஸாகலை” என்பார்.

சிராஜ் மாமு தந்தி ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். அவரும் தனிக்கட்டை. ஷாஅலிபண்டாவில் ஒற்றை அறை. வியாழக்கிழமை தவறாமல் ஜுமேராத் பஜாருக்குப் போய்ப் பழைய நாணயம் ஏதாவது பிடித்தால் ஒன்று வாங்கி வருவார். ஐம்பது வருஷம் இப்படிச் சேர்த்து, எண்பத்து மூன்றாம் வயதில், மத்தியானத் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். இரண்டு டிரங்குப் பெட்டிகள், அவற்றுக்குள் எட்டு பிஸ்கட் டின்கள், டின்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்னப் பழுப்புக் கவர்கள். ஒவ்வொரு கவருக்குள்ளும் ஒரு நாணயம்.

பெட்டிகள் ஆபாவின் கட்டிலுக்கு அடியில் நுழையவில்லை. கட்டிலை ஒட்டி நிறுத்தினார்கள். காலையில் தொழுகைக்கு எழும்போது ஆபாவின் முழங்காலுக்குக் கீழே அந்த இரும்பு மூலை தினமும் ஒருமுறை இடித்தது. பத்தாம் நாள் என்னிடம் புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். நீலம், பச்சை, மஞ்சள் என்று வரிசையாகக் காயங்கள்.

“மாமு உயிரோட இருந்தப்ப ஒருநாள்கூட என்னை அடிச்சதில்லை. இப்ப தினம் அடிக்கிறாரு” என்றார்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா சாப்பாடு ஆபா வீட்டில்தான் நடந்தது. பகாரா சோறும் தம் கோழியும் உள்ளே போனதும், பேச்சு நாணயங்களின் பக்கம் திரும்பியது.

ஆபாவின் தம்பி ஜஹீர் பாய், சத்தா பஜாரில் கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர், முதலில் தொண்டையைக் கனைத்தார். “ஆபா, பர்சோதான் மாமு எங்கிட்ட சொன்னாரு. இதுல ஒண்ணே ஒண்ணை வித்தா ஒரு பிளாட் வாங்கலாம்னு.”

இந்த ஊரில் பர்சோ என்றால் முந்தாநாளும் ஆகலாம், முப்பது வருஷத்துக்கு முன்னாலும் ஆகலாம். செத்துப்போய் நாற்பது நாளான மனிதர் முந்தாநாள் சொல்லியிருக்க முடியாது என்பதால் இரண்டாவதாகத்தான் இருக்க வேண்டும்.

“எந்த ஒண்ணுன்னு சொன்னாரா?” என்று ஆபா கேட்டார்.

“அதைச் சொல்லலை.”

“அப்ப ஆயிரத்தையும் ஒவ்வொண்ணா வித்துப் பார்க்கணும். பிளாட் கிடைச்சதும் நிறுத்திக்கலாம்.”

அவர்களுடைய பெரியப்பா மகன் இஃப்திகார் பாய் ஜித்தாவில் ஒரு பால் கம்பெனியில் முப்பது வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். எதையும் பெரிய அளவில் யோசிப்பவர். “விக்கறதா? சேச்சே. மியூசியத்துக்குக் குடுக்கணும். ஒரு பித்தளைப் பலகை வைப்பாங்க. மர்ஹூம் சிராஜ் ஹுசைன் சாஹிப் சேகரித்தவை. கீழே கொஞ்சம் பெரிய எழுத்துல, வழங்கியவர் இஃப்திகார் அகமது.”

“நீ எப்படா வழங்கின?”

“யோசனை என்னோடது இல்லையா ஆபா?”

ஜஹீர் பாயின் மனைவி ரஃபத் பாபிக்கு நேரடியான யோசனை இருந்தது. “வெள்ளியை மட்டும் உருக்கிடலாம் ஆபா. பெரியவளுக்குக் கல்யாணம் வருது. கொலுசு கனமா செஞ்சிடலாம்.”

“மாமுவை உருக்கிக் கால்ல மாட்டிக்கிட்டு மாமியார் வீடு போவாளா உம் பொண்ணு?”

பாபி பதிலுக்கு ஆபாவின் தட்டில் இன்னும் ஒரு கோழித் துண்டை வைத்தார். கோபம் வந்தால் பரிமாறிவிடுவது அவர் வழக்கம்.

மறுவாரம் இஃப்திகார் பாய் சூட்டுப் போட்டுக்கொண்டு, மாதிரிக்குப் பத்து நாணயங்களோடு ஒரு மியூசியத்துக்குப் போய்வந்தார். திரும்பி வந்து இரண்டாவது டீ குடித்த பிறகு வாயைத் திறந்தார்.

“அந்த ஆபீசர் ரொம்ப மரியாதையானவரு. இதே மாதிரி அவங்ககிட்டயே மூணு மூட்டை இருக்காம். ஒரு மூட்டையை நாம எடுத்துக்க முடியுமான்னு கேக்கறாரு.”

எங்கள் பள்ளிக்கே ஒருமுறை பரிசுக் கோப்பைகள் வாங்கித் தந்த டேக்சந்த் சேட் என் நினைவுக்கு வந்தார். சுல்தான் பஜாரில் பழைய நாணயக் கடை வைத்திருப்பவர். சிந்தி, எழுபத்தைந்து வயது, நாணயஸ்தர். நான் போன் செய்தேன். பத்து நாள் கழித்து வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொன்னார். ஆபாவுக்கு நிம்மதி. அந்த இடைவெளியில் குல்பர்காவில் இருக்கும் தங்கையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார். தான் வளர்க்கும் கிளிக்குப் பழம் வைப்பதற்காக வீட்டுச் சாவியை ரஃபத் பாபியிடம் கொடுத்தார்.

பாபி கெட்டவர் அல்ல. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். பெரிய கடைக்காரர் வருகிறார், மாமுவின் பொருள் கறுத்துப்போய்க் கிடக்கிறது, பார்க்கிறவர் என்ன நினைப்பார் என்ற ஒரே கவலைதான் அவருக்கு. தன் வீட்டு வேலைக்காரியையும் கூட்டிவந்தார். முற்றத்தில் நாலு அண்டா. செம்புக்குப் புளியும் உப்பும், வெள்ளிக்குப் பல்பொடி. மூன்று நாள் தேய்த்தார்கள். நான் பள்ளிப் பரீட்சைத் தாளில் மூழ்கியிருந்தேன். கீழே அண்டா உருளும் சத்தம் கேட்டது. கல்யாணச் சாமான் கழுவுகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

ஆபா திரும்பி வந்த அன்றைக்கே டேக்சந்த் சேட்டும் வந்தார். பாபி ஒரு வெல்வெட் துணியை விலக்கினார். தாம்பாளம் தாம்பாளமாக நாணயங்கள் மின்னின. சுவர்க் கண்ணாடியில் பட்டுக் கூரையெல்லாம் வெளிச்சம் ஓடியது.

சேட் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். ஒன்றைப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். பூதக்கண்ணாடியை மறுபடி பைக்குள் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“கொஞ்சம் தண்ணி குடுங்க மேடம்.”

குடித்தார். பிறகு மெல்லக் கேட்டார். “இதை யாரு கழுவினது?”

“நான்தான்!” என்றார் பாபி. “பளபளன்னு இருக்கில்ல? முதல்ல பார்த்திருந்தா பயந்திருப்பீங்க சேட்ஜி. ஒரே கறுப்பு.”

“அந்தக் கறுப்புக்குத்தான் விலை, பெஹன்.”

“அழுக்குக்கா?”

“நூறு வருஷத்து அழுக்கு. அதைத் திரும்பப் பண்ணணும்னா இன்னும் நூறு வருஷம் ஆகும். நான் கடையை எட்டு மணிக்கு மூடிடுவேன்.”

பாபியின் முகம் சுருங்கியது. ஆபா அவரைத் திட்டப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். ஆபா தாம்பாளத்திலிருந்து ஒரு ரூபாயை எடுத்தார். சார்மினார் பொறித்த பழைய ஹாலி ரூபாய். தேய்த்த தேய்ப்பில் நான்கு மினார்களில் ஒன்று காணாமல் போயிருந்தது.

“பரவால்ல ரஃபத். இடிச்சுக் கட்டறவங்களே இந்த ஊர்ல இவ்வளவு சுத்தமா இடிக்க மாட்டாங்க” என்றார்.

எல்லாமே போகவில்லை. எட்டாவது டின் அப்படியே இருந்தது. அதற்குள் புளி தீர்ந்துவிட்டதாம். அதை சேட் ஒரு மணி நேரம் பார்த்தார். நாணயத்தில் சார்மினார் வளைவுக்குள் பொறித்திருக்கும் ஒரு எழுத்தைக் காட்டி, இந்த மாதிரி எழுத்து அபூர்வம் என்று மூன்று நாணயங்களைத் தனியே வைத்தார். பிளாட் வராது, ஆனால் அந்த டின்னுக்கு ஒரு கௌரவமான விலை தருவதாகச் சொன்னார். மற்ற ஏழு டின்களும் சராசரிச் சில்லறை, கழுவாமல் இருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்று பாபியைப் பார்த்து ஆறுதலாகச் சொன்னார். பிறகு, “கவர் இருந்திருக்குமே?” என்றார்.

கவர்கள் ஒரு தலையணை உறையில் இருந்தன. உருதுவில் எழுதிய காகிதம், எதிலாவது அல்லாவின் பெயர் இருந்துவிடப்போகிறது என்று பாபி ஒன்றைக்கூட எறியவில்லை. சேட் அந்தக் காலத்து உருது மீடியம். ஒன்றை எடுத்து உரக்கப் படித்தார்.

“அரையணா. ஓரத்தில் வெட்டு. விற்றவன் ஐந்து கேட்டான், மூன்று கொடுத்தேன். நல்ல வெயில். ராத்திரி ரஃபத் வீட்டில் சாப்பாடு. புளிப்புப் பருப்பில் உப்பு அதிகம்.”

சேட் அடுத்ததை எடுத்தார்.

“செம்புக்காசு, தேய்ந்தது. தாடிக்காரனிடம் வாங்கியது. ரஃபத் கீமா அனுப்பியிருந்தாள். உப்பு.”

“யா அல்லா!” என்று பாபி எழுந்து நின்றார். “என் வீட்டுல தின்னுட்டுப் போய் எழுதிவெச்சிருக்காரா?”

ஆபா சிரிக்க ஆரம்பித்தார். முப்பது வருஷம் பிரேயரில் ஆயிரம் பிள்ளைகளைச் சிரிக்காமல் நிற்கவைத்தவர், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். மாமு ஒவ்வொரு கவரிலும் நாணயத்தைப் பற்றி ஒரு வரியும் அன்றைய நாளைப் பற்றி இரண்டு வரியும் எழுதியிருந்தார். தேதி மட்டும் ஒன்றிலும் இல்லை.

அதன்பிறகு நாணயத்தை என்ன செய்வது என்ற பேச்சு நின்றுபோனது. எந்த நாணயம் எந்தக் கவருக்கு உரியது என்று கண்டுபிடிப்பதுதான் வேலையாயிற்று. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின் எல்லோரும் ஆபா வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நடுவில் விரிப்பு, அதில் நாணயங்கள். ஆபா கவரைப் படிப்பார். “ஓரத்தில் ஓட்டை, ராஜா மூக்கு மழுங்கியது” என்றால் எல்லோரும் மூக்கு மழுங்கிய ராஜாவைத் தேடுவோம். இரண்டு மூக்கு மழுங்கிய ராஜாக்கள் கிடைத்தால் சண்டை நடக்கும்.

ஆனால் உண்மையில் எல்லோரும் காத்திருந்தது பின்வரிகளுக்குத்தான். ரஃபத் பாபி பத்தொன்பது இடத்தில் வந்தார், பதினெட்டில் உப்பு. இஃப்திகார் பாய் ஒரே ஒரு இடத்தில்: “இஃப்திகார் ஜித்தாவிலிருந்து வந்தான். எனக்குப் பேரீச்சம்பழம் கொண்டுவந்தான். உட்கார்ந்து பேசியபடி தானே தின்றுவிட்டுப் போனான்.” அவர் அது அபாண்டம் என்றார், கொட்டைகளையாவது விட்டுவிட்டுத்தான் போனதாக வாதாடினார். நான்கூட இருந்தேன்: “கமர் வீட்டு மாடியில் புதிதாக ஒரு மதராஸி டீச்சர். படி ஏறினால் யானை ஏறுகிற சத்தம்.”

மாமுவின் தெருமுனை டோபியின் கழுதையும் அடிக்கடி வந்தது. “கழுதை இன்றும் தாமதம்.” “கழுதைக்குக் காய்ச்சல், பஜாருக்கு வரவில்லை.” “வழியில் கழுதை நின்றுவிட்டது.” ஒரு கவரில், “கழுதைக்கு இன்று கல்யாணம். நல்ல மழை. பெண்தான் பாவம்.”

“மழைக்காகக் கழுதைக்குக் கல்யாணம் பண்ணிவெப்பாங்களே, அதா இருக்கும்” என்றார் இஃப்திகார் பாய்.

“நக்கோ மியான், போதும். அந்த டோபி கழுதை மேல மாமுவுக்கு என்ன இவ்வளவு அக்கறை?” என்று ஜஹீர் பாய் எரிச்சல்பட்டார். “மனுஷங்களைப் பத்தி எழுதினதைப் படி ஆபா.”

அவர் எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. நான்காவது வெள்ளிக்கிழமையும் முடிந்துவிட்டது. எண்ணூறு கவர் படித்தாயிற்று. ஜஹீர் என்ற பெயர் ஒன்றில்கூட இல்லை. முப்பது வருஷமாக வியாழக்கிழமை தோறும் மாமுவைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பஜாருக்குப் போய்வந்தவர் அவர். கண் ஆபரேஷனுக்குப் பக்கத்தில் இருந்தவர் அவர். ஜனாஸாவுக்கு முதலில் தோள் கொடுத்தவரும் அவர்தான்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. பாபி மட்டும் டிபன் கேரியரோடு வந்தார். “கடையில வேலையாம்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ராத்திரி சாப்பாடே இறங்கலை ஆபா அவருக்கு. பேரீச்சம்பழம் தின்னவனுக்குக்கூட ஒரு கவர் இருக்குங்கறாரு” என்றார்.

ஆபா அன்று மாலை மாடிக்கு வந்தார். கையில் பழைய பழுப்புக் காகிதம், பசை, மாமு பயன்படுத்திய அதே ஊதாப் பென்சில்.

“ஏ கணக்கு, கதவைச் சாத்து. இப்ப ஒரு திருட்டுத்தனம் பண்ணப்போறேன்.”

வாழ்நாள் முழுக்க லீவ் லெட்டரில் அப்பா கையெழுத்தைப் போட்ட பிள்ளைகளைக் கண்டுபிடித்து நிற்கவைத்த மனுஷி. என் மேஜையில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மாமுவைப் போல எழுதினார். “ஒரு ரூபாய், நல்ல நிலை. ஜஹீர் கூட்டிப்போனான். அவனைப் போல ஒரு பிள்ளை எல்லோருக்கும் கிடைக்காது.” காகிதத்தில் டீயைத் தொட்டுத் தேய்த்து மறுநாள் வெயிலில் காயவைத்தது நான். என் பங்கை மறைக்க மாட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜஹீர் பாயை வற்புறுத்தி வரவழைத்தோம். ஆபா தலையணை உறையிலிருந்து எதேச்சையாக எடுப்பது போல எடுத்து, படித்து, அவர் கையில் கொடுத்தார். ஜஹீர் பாய் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அதைப் பார்த்தார். கண்ணில் நீர் வந்தது. ஒரு நிமிஷம் எங்கள் திட்டம் பலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

“ஆபா,” என்றார், “எனக்காக இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கே. ஆனா இது மாமு எழுதினது இல்ல.”

ஆபாவின் முகம் சிவந்தது. “ஏன்? கையெழுத்துல என்ன குறை?”

“கையெழுத்து சரிதான். மாமு ஒருநாளும் என்னை ஜஹீர்னு கூப்பிட்டதே இல்லையே.”

“பின்ன எப்படிக் கூப்பிடுவாரு?”

ஜஹீர் பாய் மனைவியை ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்தார். “வேண்டாம் ஆபா.”

“சொல்லு.”

“உங்க முன்னால வெறும் ‘டேய்’தான். ஸ்கூட்டர்ல போறப்ப, நாங்க ரெண்டு பேரும் தனியா இருக்கறப்ப மட்டும்தான்... கழுதைன்னு கூப்பிடுவாரு.”

கிளி ஏதோ கத்தியது. அடுத்த கணம் ஆபா, பாபி, இஃப்திகார் பாய், நான் நாலு பேரும் ஒரே நேரத்தில் அந்தத் தலையணை உறை மேல் பாய்ந்தோம்.

நாற்பத்திரண்டு. எண்ணிப் பார்த்தோம். நாற்பத்திரண்டு கவர்களில் கழுதை இருந்தது. “கழுதை இல்லாமல் எனக்குக் கால் இல்லை.” “கழுதை இன்று மீசை வைத்திருக்கிறது, நன்றாக இல்லை.” இதை டோபியின் கழுதை என்று நாங்கள் எப்படிப் படித்தோம் என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. “கண் கட்டைப் பிரித்தார்கள். முதலில் தெரிந்தது கழுதை முகம். பரவாயில்லை.” ஆபா ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க ஜஹீர் பாய் அழுதுகொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினார்.

ரஃபத் பாபிக்குத்தான் மெல்ல விஷயம் ஏறியது. “அப்ப... மழையில நடந்த கழுதைக் கல்யாணம்...”

“அன்னிக்குப் பந்தலே ஒழுகிச்சே, மறந்துட்டியா?” என்றார் ஆபா.

“அப்ப அந்தப் பொண்ணு நானா?” பாபி இடுப்பில் கைவைத்தார். கோபப்படப் போகிறார் என்று பார்த்தால், கவரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “பெண்தான் பாவம்னு எழுதியிருக்காரு பாருங்க. இந்த வீட்டுலயே அந்த ஒரு மனுஷருக்குத்தான் தெரிஞ்சிருக்கு.”

அன்றைக்கே ஆபா தீர்ப்பு சொன்னார். யாருடைய பேச்சு எந்தக் கவரில் வருகிறதோ, அந்த நாணயம் கவரோடு அவருக்கு. விற்கக் கூடாது, உருக்கக் கூடாது, முக்கியமாகக் கழுவக் கூடாது. கல்யாணக் கவருக்கு மட்டும் கணவன் மனைவி இருவரும் உரிமை கொண்டாடினார்கள். ஆபா அதைப் பாபிக்குக் கொடுத்தார். எட்டாவது டின் டேக்சந்த் சேட்டுக்குப் போனது. வந்த பணத்தில் மாமுவின் வருஷ ஃபாத்திஹாவை ஷாஅலிபண்டாத் தெருவுக்கே சாப்பாடு போட்டு நடத்தினோம். யார் பெயரும் வராத நாணயங்களை சேட் எடைக்கு வாங்கிக்கொண்டார், கவர்களை ஆபா வைத்துக்கொண்டார்.

எனக்கு அந்த யானைக் கவர் கிடைத்தது. உள்ளே ஒரு காலணா.

இஃப்திகார் பாய் இன்னும் சமாதானமாகவில்லை. ஒரே ஒரு நாணயம், அதுவும் பேரீச்சம்பழப் பழியோடு. தன்னுடைய ஒன்றுக்கு பாபியின் உப்புக் கவர்களில் இரண்டு மாற்றிக்கொள்ளலாமா என்று போன ஈத் அன்று கேட்டார். பாபி யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். ஜஹீர் பாய் தன் நாற்பத்தொன்றையும் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டிவிட்டார். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்க வருகிற மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டார் எல்லோரும் எழுத்து மாதிரியைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் நின்று படிக்கிறார்கள். “யாரு பாய் இந்தக் கழுதை?” என்று யாராவது கேட்டால், அவர் மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்து நிற்கிறார்.